கேம் பாய் அட்வான்ஸுக்கு லைட் போடலாமா, வேண்டாமா?

மூன்றாம்மாடி (ரங்கூன்)

வணக்கம். மொகல் தெரு வீட்டைக் காலி செய்கிறோம். தெருப் பலகையில் ஷ்வேபொந்தா என்றுதான் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வராது. பரணில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் என் பழைய கேம் பாய் அட்வான்ஸ், நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் மெஷின், ஊதா நிறம், மரியோ கார்ட் சூப்பர் சர்க்யூட் என்கிற கார் பந்தய ஆட்டத்தின் கேட்ரிட்ஜ் சொருகினது சொருகினபடி. பேட்டரி மூடியைத் திறந்தால் இரண்டு பேட்டரியும் வீங்கி, ஸ்பிரிங் மேல் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கிறது.

2002இல் மாமா கப்பலிலிருந்து இறங்கி வந்தபோது சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிக்கொண்டு வந்தது. அதற்கு முன் நாங்கள் டிவி கேம்தான் ஆடுவோம். அது உங்களுக்கே தெரியும், பத்து நிமிடம் ஆடுவதற்குள் கரண்ட் போகும், டிவி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணையும், ஆடினது எல்லாம் போச்சு. அட்வான்ஸ் வந்த அன்றைக்கு ராத்திரி கரண்ட் போனபோது நான் மட்டும் நிறுத்தவில்லை. இரண்டு பென் பேட்டரி. நல்ல பேட்டரி என்றால் 15 மணி நேரம் ஓடும். தெரு முழுக்க இருட்டு, என் கையில் மட்டும் எஞ்சின் சத்தம்.

ஆனால் என்ன ஓடுகிறது என்று தெரியாது. ஏனென்றால் அந்தத் திரைக்குள் விளக்கே கிடையாது! கரண்ட் இல்லாமல் ஓடுகிற ஒரே கேம், வெளிச்சம் இல்லாமல் தெரியாத ஒரே கேமும் அதுதான். அதனால் அம்மாவின் முக்காலி மேல் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு ஆடினேன்.

இப்போது கீழே செல்போன் ரிப்பேர் செய்கிற தம்பி, உள்ளே பழைய திரையை எடுத்துவிட்டு லைட் உள்ள புதுத் திரை போட்டுத் தருகிறேன் என்கிறான். இரண்டு கேள்வி. ஒன்று, அந்த உப்பை எப்படிச் சுத்தம் செய்வது? இரண்டு, லைட் போடலாமா? மனசு ஒப்பவில்லை, காரணமும் சொல்லத் தெரியவில்லை.


ஈயப்பற்று (இன்செய்ன்)

முதல் கேள்விக்கு மட்டும் பதில். எந்தப் பேட்டரி என்று பாருங்கள். ஆல்கலைன் என்றால் கசிவது காரம், காதில் விடுகிற பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள். பொங்கும், பயப்பட வேண்டாம். மலிவான சாதா கார்பன் பேட்டரி என்றால் கசிவு அமிலப் பக்கம், அதற்குச் சோடா உப்பைத் தண்ணீரில் குழைத்துத் தொட வேண்டும். கடைசியில் இரண்டுக்கும் சுத்தமான ஆல்கஹால் ஒரு கை. ஸ்பிரிங் கறுத்திருந்தால் நகம் தேய்க்கிற அட்டையால் லேசாகச் சுரண்டலாம். கேட்ரிட்ஜின் தங்கப் பல்லையும் ஆல்கஹாலால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம்தான் பாதிக் கேட்ரிட்ஜைக் கெடுத்தது.

பார்த்த அளவில் இந்த ஊரில் வாங்கினது எல்லாம் கார்பன்தான். சோடா உப்பில் ஆரம்பியுங்கள்.


பச்சை_யோஷி (சிங்கப்பூர், முன்பு ப்ரேசர் தெரு)

அண்ணே, அந்த ஊதா நிறம் என்றதும் எனக்கு லிங்க் கேபிள் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வயரில் ஒரு முனை ஊதா, மறுமுனை சாம்பல், நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ஊதா முனை யார் மெஷினில் இருக்கிறதோ அவன்தான் முதல் ஆட்டக்காரன். எங்கள் கட்டடத்தில் நடந்த சண்டையில் பாதி அந்த ஊதா முனைக்காகத்தான்.

அட்வான்ஸ் நாலு பேரிடம் இருந்தது, மரியோ கார்ட் ஒருவனிடம் மட்டும். அதுவே போதும். ஒரே கேட்ரிட்ஜிலிருந்து மற்ற மூன்று மெஷினுக்கும் ஆட்டம் வயர் வழியாகப் போய்ச் சேரும். ஆனால் அப்படி ஆடினால் எல்லோருமே யோஷி என்கிற டைனோசர்தான், நிறம் மட்டும்தான் வேறு. தடமும் நாலே நாலு, நாலும் சூப்பர் நின்டெண்டோ என்கிற பழைய டிவி கேம் மெஷினில் வந்த தடங்கள். கேட்ரிட்ஜ் வைத்திருந்தவனுக்கு அதில் பயங்கர வருத்தம். காசு போட்டவன் நான், நானும் ஏன் யோஷி என்பான். எங்களுக்கு அதில் ஒரு திருப்தி. என் நிறம் எது என்று பெயரைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்று. அவன் எதிர்க் கட்டடத்தில் நாலாவது மாடி. பால்கனியிலிருந்து கயிறு தொங்குமே, நுனியில் கிளிப் மாட்டி, பேப்பர்காரன் பேப்பரைச் சொருகிவிட்டு மணி அடிப்பானே, அந்தக் கயிற்றில்தான் கேட்ரிட்ஜ் கீழே இறங்கும். பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு. ஒரு தடவை மழையில் கிளிப் வழுக்கி நேராகச் சாக்கடையில் விழுந்தது. எடுத்துக் கழுவிக் காயவைத்தோம். ஓடியது. இன்றைக்கு உள்ள எந்தச் சாமானாவது ஓடுமா சொல்லுங்கள்.


இரட்டைத்திரை (ரங்கூன்)

பெரியவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். மரியோ கார்ட் என்றால் அட்வான்ஸுக்கு அப்புறம் வந்த நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்ததுதான். 2005. இரண்டு திரை, கீழே வரைபடம், யார் பின்னால் எந்த ஆமை ஓட்டை வைத்துக்கொண்டு வருகிறான் என்பது வரை தெரியும். 32 தடம். வயரே வேண்டாம், ஒரே கார்டில் எட்டுப் பேர் ஆடலாம். கார்டு இல்லாதவன் எல்லாம் ஷை கை என்கிற முகமூடிக்காரன். வாலுயிஜி பின்பால் தடத்தை ஒரு தடவை ஓட்டியவன் சூப்பர் சர்க்யூட்டின் தட்டைத் தரைக்குத் திரும்பிப் போக மாட்டான்.

முக்கியமாக, திரையில் வெளிச்சம் உண்டு. இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது.


மூன்றாம்மாடி

தம்பி, டிஎஸ்ஸை எதில் சார்ஜ் செய்தீர்கள்? கரண்டில். கரண்ட் எப்போது வந்தது? ராத்திரி பதினொன்றுக்கு வந்து விடியற்காலை போகும். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கி, மறுநாள் எழுந்து பார்த்தால் சார்ஜர் சூடே ஆகவில்லை என்ற அனுபவம் உங்களுக்கு இல்லையா? பென் பேட்டரி என்றால் கீழே வெற்றிலை பாக்குக் கடையிலேயே கிடைக்கும்.

தரை தட்டை என்பது சரிதான். படத்தைத் தரை மாதிரிச் சாய்த்துச் சுழற்றிக் காட்டுகிற வித்தைதான் அது, சூப்பர் நின்டெண்டோ காலத்து வித்தை. மேடு பள்ளம் கிடையாது. ஆனால் அந்தத் தட்டைத் தரையில் எத்தனை தடம்? புதிது 20, பழசு 20, மொத்தம் 40. டிஎஸ்ஸை விட எட்டு அதிகம். சும்மா கணக்குக்காகச் சொல்கிறேன்.


கடற்கரை_நிலையம் (சென்னை)

ரங்கூன் ஆட்கள் பேசுகிற இடத்தில் நான் நுழைகிறேன், தாத்தா பெகுவிலிருந்து வந்தவர், அந்த உரிமையில்.

என் சூப்பர் சர்க்யூட்டை நான் வாங்கியது பர்மா பஜாரில். ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷன் எதிரே, உங்கள் ஊரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் போட்ட கடைகள். பெயரில் மட்டும்தான் பர்மா, சரக்கெல்லாம் சிங்கப்பூர், ஹாங்காங். நான் வாங்கினது நகல் என்று அப்புறம்தான் தெரிந்தது. அசல் கேட்ரிட்ஜில் லேபிளைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்திப் பதிந்திருக்கும், என்னுடையதில் வழவழவென்று இருந்தது. உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி. அது தீர்ந்த நாளோடு நான் வாங்கிய தங்கக் கோப்பைகள் எல்லாம் போயின. பழைய தடங்களைத் திறக்க ஒவ்வொரு கோப்பையிலும் தங்கம் வாங்கி, மறுபடி ஓட்டி நாலு பந்தயத்திலும் சேர்த்து 100 காசு பொறுக்க வேண்டும் இல்லையா, அந்த 100க்காக நான் ஒரு முழுப் பரீட்சை விடுமுறையைக் கொடுத்திருந்தேன்.

அண்ணனுடையதில் சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஏனோ படபடப்பாக இருக்கிறது.


மோல்மேன்_மழை (மோல்மேன்)

காசு பற்றிப் பேச்சு வந்ததால். அதைப் பலர் அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். காசு சேரச் சேர வண்டி வேகம் ஏறும். அடிபட்டால் காசு சிதறும். கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில் எவனாவது இடித்தால் போதும், வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். ஏழைக்குத்தான் எல்லா அடியும் என்று எங்கள் அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார். அவருக்குக் கேமில் அதற்கு மேல் அக்கறை இல்லை.

நான் எப்போதும் பௌசர். கனமான வண்டி, கிளம்ப நேரம் ஆகும், கிளம்பிவிட்டால் பிடிக்க முடியாது. எங்கள் ஊருக்குப் பொருத்தமான தடம் லுயிஜி சர்க்யூட். அதில் மழை பெய்யும், தரையில் தண்ணீர் தேங்கி நிற்கும், மேல் ஏறினால் வழுக்கும். மோல்மேனில் ஜூன் முதல் அக்டோபர் வரை நாங்கள் வாழ்வதே அந்தத் தடத்தில்தான்.

லைட் விஷயத்தில் என் வாக்கு: போடாதீர்கள். அந்தக் காலத்து ஆட்டங்களில் நிறத்தை வேண்டுமென்றே தூக்கலாக வைத்திருப்பார்கள், திரை இருட்டு என்று அவர்களுக்கே தெரியும். லைட் திரையில் அதைப் பார்த்தால் கோயில் திருவிழாச் சீரியல் பல்பு மாதிரி கண்ணைக் குத்தும். சீஸ் லேண்டைப் பார்த்தேன், மஞ்சள் தாங்கவில்லை.


ஈயப்பற்று

அது உண்மை. ஆனால் புதுத் திரைகளில் வெளிச்சத்தைக் குறைக்கலாம். பேட்டரியும் சீக்கிரம் தீரும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, 2003இல் வந்த எஸ்பி மடக்கு மாடல் ஒன்று பழசாக வாங்கிக்கொள்ளலாம், அதில் முன்பக்க விளக்கு உண்டு, இதே கேட்ரிட்ஜ் போகும். உங்கள் பழசைத் தொடாமலே வைத்திருக்கலாம்.


பெகுக்காரி (பெகு)

இத்தனை நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஓட்டியவர்கள்தான் பேசுகிறீர்கள். மெழுகுவத்தி பிடித்தவர்கள் யாரும் இங்கே இல்லையா?

நான் பிடித்தேன். எட்டு வயதிலிருந்து பத்து வயது வரை. எங்கள் வீட்டில் முக்காலி எல்லாம் கிடையாது, நான்தான் முக்காலி. அண்ணன் சுவரில் சாய்ந்து உட்காருவான். நான் அவன் இடது தோளுக்குப் பின்னால் முட்டி போட்டு, காதுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்க வேண்டும். நேர் மேலே பிடித்தால் சுடர் திரையில் விழுந்து நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு தெரியும். முன்னால் பிடித்தால் அவனுக்குக் கண் கூசும். பக்கவாட்டில் பிடித்தால் அவன் கை நிழல் பாதித் திரையை மறைக்கும். சரியான இடம் ஒன்றே ஒன்று, அது அவன் உட்காருகிற விதத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும். மெழுகு வழியாமல் இருக்கக் கொட்டாங்கச்சியில் நட்டு வைத்துப் பிடிப்பேன். கை வலித்து ஒரு விரற்கடை இறங்கினால் "மேல, மேல" என்பான். நான் கொட்டாவி விட்டால் சுடர் ஆடும், அவன் ஓரத்தில் போய் முட்டுவான், குற்றம் என்னுடையது.

அந்தத் தடங்கள் எனக்கு மனப்பாடம். அவன் வலது ஆள்காட்டி விரல் ஆர் பட்டனில் எப்போது இறங்குகிறது என்று பார்த்தே சறுக்கல் எப்படி எடுப்பது என்று கற்றுக்கொண்டேன். ஷை கை பீச்சில் கப்பல் குண்டு போடுமே, அது எங்கே விழும் என்று அவனுக்கு முன்னால் எனக்குத் தெரியும், சொன்னால் "சும்மா இரு" என்பான். எனக்குப் பிடித்தது ரிப்பன் ரோடு. பரிசுப் பெட்டியும் பொம்மையுமாக யாரோ ஒரு பணக்காரக் குழந்தையின் அறை மாதிரி இருக்கும். அவனுக்கு அந்தத் தடமே பிடிக்காது, வேகமாகக் கடந்துவிடுவான், நான் இன்னொரு தடவை போயேன் என்று கெஞ்சுவேன்.

என் கைக்கு மெஷின் எப்போது வரும் தெரியுமா? பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறதல்லவா, பச்சையாக எரியும், பேட்டரி தீரப் போகிறது என்றால் சிவப்பாகும். சிவப்பானதும் "இந்தா, நீ ஓட்டு" என்று கொடுப்பான். பெரிய மனசோடு கொடுக்கிற மாதிரி கொடுப்பான். நான் கோப்பையைத் தேர்ந்தெடுத்து, ஆளைத் தேர்ந்தெடுத்து, விளக்கு விழுந்து, வண்டி கிளம்பி, முதல் திருப்பத்துக்குள் திரை மங்கிப் போய்விடும். இரண்டு வருடத்தில் நான் ஒரு சுற்றுகூட முழுதாக முடித்ததில்லை.

அதனால் என் வாக்கு: லைட் போடுங்கள். இரண்டு லைட் இருந்தால் இரண்டும் போடுங்கள்.


மூன்றாம்மாடி

அக்கா, இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை.

முதல் பதிவில் முக்காலி மேல் மெழுகுவத்தி வைத்தேன் என்று எழுதினேன். அது பாதி உண்மை. முக்காலியில் வைத்தால் உயரம் போதாது. முக்காலி மேல் ஏறி உட்கார்ந்தது என் தங்கச்சி, மெழுகுவத்தி அவள் கையில். அதை எழுதவே எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். சிவப்பு விளக்கு விஷயமும் அப்படியே. எங்கள் வீட்டிலும் அதே "இந்தா, நீ ஓட்டு" தான். இது ஏதோ நான் மட்டும் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


பச்சை_யோஷி

நானும் ஒத்துக்கொள்கிறேன். என் தம்பிக்குச் சிவப்பு விளக்கு கூட இல்லை. வயர் சொருகாத மெஷினைக் கொடுத்து, நீயும் எங்களோடுதான் ஆடுகிறாய் என்று சொல்வோம். அவனுக்கு நாலு வயது. நம்பினான்.


சிரியம்_பாலம் (சிரியம்)

மின்வெட்டு என்றால் தினசரி வருவது வேறு. நர்கிஸ் புயல் வேறு.

2008 மே 2 ராத்திரி ஆரம்பித்த காற்று விடிகிற வரை அடித்தது. தகரக் கூரையில் பாதி போய்விட்டது. காலையில் பார்த்தால் ரோட்டில் நடக்க இடமில்லை, வேரோடு மரங்கள். கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தது. எங்கள் பக்கம் கரண்ட் திரும்பி வர வாரக் கணக்கில் ஆனது. மெழுகுவத்தி கிடைப்பதே பெரிய பாடு.

வீட்டில் நல்ல பேட்டரி இரண்டே இரண்டு. அப்பா பிபிசி தமிழோசை கேட்கிற ரேடியோவில் இருந்தது. அவர் கூரை பார்க்கப் போன நேரத்தில் அதைக் கழற்றி அட்வான்ஸில் போட்டு, மத்தியான வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து ஸ்கை கார்டன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மேகமும் கொடியுமாக, கீழே விழுந்தால் ஆகாயம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வந்தார். அடிக்கவில்லை. கையை நீட்டினார், கொடுத்தேன், ரேடியோவில் போட்டார். டெல்டாவில் லட்சத்துக்கு மேல் ஜனம் செத்தும் காணாமலும் போயிருக்கிறார்கள் என்பது அந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ரேடியோ வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது.

அதற்கப்புறம் நான் அந்த மெஷினை அதிகம் தொடவில்லை. யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. சரி, இது இந்த இழைக்குப் பொருந்துமா தெரியவில்லை, பேட்டரி என்றதும் எழுதிவிட்டேன்.


மட்டுறுத்துநர்

பொருந்துகிறது, இருக்கட்டும். ஆனால் இந்த வார மின்வெட்டு அட்டவணையை இங்கே ஒட்டியிருந்த மூன்று பதிவுகளை நீக்கிவிட்டேன். அதற்குத் தனி இழை இருக்கிறது. அதுவும் தினமும் தப்பாகத்தான் இருக்கிறது.


மோல்மேன்_மழை

இவ்வளவு பேசினோம், சன்செட் வைல்ட்ஸ் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. மின்னல் கோப்பையின் கடைசித் தடம். செம்மண் பாலைவனம், கூடாரங்கள், அதிலிருந்து ஷை கை ஓடிவந்து வண்டியில் தொற்றிக்கொண்டு காசைப் பிடுங்கும். முதல் சுற்றில் வானம் அந்தி நிறம். சுற்றுக்குச் சுற்று பொழுது இறங்கும். கடைசிச் சுற்றில் ராத்திரி.

இதை யோசித்துச் செய்தவன் ஜப்பானில் நல்ல மின்சார வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்திருப்பான். அவனுக்கு அது அழகு. இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் கம்பெனி செய்த ஆட்டம் இது, அங்கே யாருக்கும் மெழுகுவத்தியில் ஆடுகிறவன் ஒருவன் மோல்மேனில் இருப்பான் என்று தோன்றியிருக்காது. எங்களுக்கு மூன்றாவது சுற்றில் திரையில் ஒன்றும் தெரியாது. விளக்கில்லாத திரையில், மெழுகு வெளிச்சத்தில், ராத்திரிக் காட்சி! நான் அந்தச் சுற்றை ஞாபகத்தில் ஓட்டுவேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி இடது பக்கம் திரும்பு, ஐந்து எண்ணு, குதி. நாலாவது இடத்துக்குக் கீழே வந்தால் தோல்விதான், கோப்பை கையை விட்டுப் போகும். அங்கேதான் எனக்குப் பல தடவை போனது.


இரட்டைத்திரை

அந்தத் தடம் நின்டெண்டோவின் சுவிட்ச் மெஷினில் 2023இல் மரியோ கார்ட் 8 டீலக்ஸுக்குக் கூடுதல் தடமாக வந்தது. ஓட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்று சுற்றும் அந்தியாகவே இருக்கிறது. இருட்டவே இல்லை. அண்ணன் சொன்னதைப் படித்த பிறகுதான் அதில் என்ன போய்விட்டது என்று புரிகிறது.

டிஎஸ் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் இதை ஒத்துக்கொள்கிறேன்.


பச்சை_யோஷி

அதே கூடுதல் தொகுப்பில் சிங்கப்பூர் ஸ்பீட்வே, பாங்காக் ரஷ் என்று இரண்டு தடம் உண்டு. சிங்கப்பூர் வந்துவிட்டது, பாங்காக் வந்துவிட்டது, நம் ஊர் மட்டும் இல்லை. ரங்கூன் தடம் ஒன்று போட்டால் எப்படி இருக்கும்? சூலே பயாவைச் சுற்றி வட்டம், ப்ரேசர் தெருவில் காளி கோயில் திருப்பம், மேலே பால்கனிக் கயிறுகள் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வாழைப்பழத்தோல். இரண்டாவது சுற்றில் கரண்ட் போகும்.


கடற்கரை_நிலையம்

மூன்றாவது சுற்றில் "மீ லாப்பி!" என்று தெருவே கத்தும். தாத்தா செத்துப் போகிற வரை சென்னையில் கரண்ட் வந்தாலும் அதையேதான் கத்துவார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரியாது.


பெகுக்காரி

நான் சொல்ல விட்டது ஒன்று. 2023 பிப்ரவரியில் சுவிட்ச் ஆன்லைன் சந்தாவில் பழைய அட்வான்ஸ் ஆட்டங்களைக் கொடுக்க ஆரம்பித்தபோது முதல் பட்டியலிலேயே சூப்பர் சர்க்யூட் இருந்தது. என் கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது பையனுக்கு வாங்கி வந்த சுவிட்ச். பையன் தூங்கின பிறகு நான் எடுத்தேன். நேராக நட்சத்திரக் கோப்பை, மெதுவான 50 சிசி வேகம், பீச் இளவரசி.

ரிப்பன் ரோட்டில் முதல் தடவையாக மூன்று சுற்றும் முடித்தேன். முதல் இடம். ஒரு திருப்பத்தில்கூட யோசிக்கவில்லை, விரல் அதுவாகவே போனது. விரலுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, அது அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை.

முடிந்ததும் அண்ணனுக்குத் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். "150ல ஓட்டிட்டுச் சொல்லு" என்று பதில் வந்தது. மாறவே இல்லை.


ஈயப்பற்று

மூன்றாம்மாடி அண்ணே, சோடா உப்பு என்ன ஆயிற்று?


மூன்றாம்மாடி

வரிசையாகச் சொல்கிறேன்.

சோடா உப்பு வேலை செய்தது. ஒரு ஸ்பிரிங் உடைந்தே போனது, கீழே இருக்கிற தம்பி ரிமோட்டிலிருந்து ஒன்று எடுத்து ஈயம் பிடித்துக் கொடுத்தான். பேட்டரி போட்டேன், பச்சை விளக்கு எரிந்தது. சென்னைத் தம்பி கேட்ட சேமிப்பு அப்படியே இருக்கிறது. லேபிளில் இரண்டு இலக்க எண்ணும் இருக்கிறது, மாமா ஏமாறவில்லை. மூன்று கோப்பையில் தங்கம். மின்னல் கோப்பையில் மட்டும் வெள்ளி.

அப்புறம் மண்டலேயில் இருக்கிற தங்கச்சிக்குப் போன் போட்டேன். பெகுக்காரி அக்கா எழுதியதை எல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆரம்பித்த உடனே, "எந்த கேம்? அந்தக் கார் ஓடுறதா? எனக்கு அதுல ஒண்ணுமே ஞாபகம் இல்லண்ணே. மெழுகுவத்தில ஈசல் வந்து விழும், அந்த வாசனதான் ஞாபகம் இருக்கு" என்றாள். சிவப்பு விளக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ரிப்பன் ரோடு? இல்லை. எனக்கு வாங்கித் தின்னத் தந்த லஞ்சம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றாள். அது எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு ராத்திரி பிடித்தால் ஒரு புளி மிட்டாய் என்று பேச்சாம்.

லைட் போடலாமா வேண்டாமா என்று அவளிடமே கேட்டேன். "போடு, போடாம போ. அம்மாவோட முக்காலிய மட்டும் எவனுக்கும் குடுத்துடாத. எனக்கு வேணும்."

இப்போதைக்கு லைட் போடவில்லை. சாயங்காலம் காலி வீட்டில் பால்கனியில் உட்கார்ந்து மின்னல் கோப்பையை எடுத்தேன். லுயிஜி சர்க்யூட்டில் இரண்டாவது, ஸ்கை கார்டனில் முதல், சீப் சீப் ஐலண்டில் இரண்டாவது. சன்செட் வைல்ட்ஸ் ஆரம்பிக்கும்போது எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது சுற்றில் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் வெளியிலும் இருட்டு, உள்ளேயும் இருட்டு. ஆறாவது இடம்.

முக்காலியை நாளைக்கு மண்டலே பஸ்ஸில் ஏற்றுகிறேன். மேலே மெழுகு சுட்ட வட்டம் ஒன்று கறுப்பாக இருக்கிறது, சுரண்டாமல் விட்டிருக்கிறேன். அதே அட்டைப்பெட்டியில் கேம் பாயையும் வைக்கலாம் என்று இருக்கிறேன். அவளுக்கு வேண்டாம் என்றால் அவள் பெண் ஆடட்டும், ஒன்பது வயது. புது பேட்டரி போட்டிருக்கிறேன்.


பெகுக்காரி

கூட மிச்ச பேட்டரி வைத்தீர்களா?


மூன்றாம்மாடி

நாலு வைத்திருக்கிறேன் அக்கா. ஆல்கலைன்.


ஈயப்பற்று

மெஷினுக்குள் போட்டதைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள் அண்ணே. அந்தப் பெண் அதை எப்போது எடுப்பாள் என்று தெரியாது, உள்ளேயே கிடந்தால் மறுபடி பூத்துவிடும்.